டெலிபோன் ஸ்டாண்டில் ஒரு பெட்டி: திருச்சி வீடுகளுக்கு வந்த மோடம்களின் கதை

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் டெலிபோன் இருக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். கூடத்துச் சுவரை ஒட்டி ஒரு ஸ்டாண்ட், அதன்மேல் போன், கீழே நம்பர் எழுதி வைத்த பழைய டைரி. 2005க்குப் பிறகு அந்த ஸ்டாண்டில் இன்னொரு சாமானும் வந்து உட்கார்ந்தது. ஒரு சின்னப் புத்தகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி, முன்னால் நாலைந்து குட்டி விளக்குகள். வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: விளக்கு மின்னாமல் நின்றால் நெட் வரும், மின்னிக்கொண்டே இருந்தால் வராது.

இந்தப் பெட்டியை யாரும் கடைக்குப் போய்த் தேர்ந்தெடுக்கவில்லை. பிஎஸ்என்எல் கொடுத்தது, வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு ஸ்டாக்கில் எந்த மாடல் இருந்ததோ அது. கம்பெனி டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிற சரக்கு, அதனால் பக்கத்துப் பக்கத்து வீடுகளில்கூட வேறு வேறு பெட்டிகள் இருக்கும். எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் வீட்டில் எத்தனை பேர் இணையம் பார்க்கலாம், எங்கே உட்கார்ந்து பார்க்கலாம், மாதக் கடைசியில் பில் எவ்வளவு, வைரஸ் வந்தால் யார் தலையில் விழும் என்பதையெல்லாம் தீர்மானித்தது அந்தப் பெட்டிதான்.

அதற்கு முந்தைய காலத்தை ஒரு பாராவில் முடித்துவிடலாம். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் வழியாக. 2000 அக்டோபர் 1ல் பிஎஸ்என்எல் தனி நிறுவனம் ஆனது. டயல்-அப் மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி முடித்து லைன் கிடைத்தால், அதிகபட்சம் 56 கேபிபிஎஸ். நெட்டில் இருக்கும்வரை போன் எங்கேஜ்டு. அதனால் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கமோ தில்லைநகரிலோ பிரவுசிங் சென்டருக்குப் போவதுதான் மாணவர்களுக்குக் கட்டுபடியாகும் வழி.

2005 ஜனவரி 14, பொங்கலன்று, பிஎஸ்என்எல் 'டேட்டாஒன்' என்ற பெயரில் பிராட்பேண்டைத் தொடங்கியது. அப்போது மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் தயாநிதி மாறன். அதற்கு மூன்று மாதம் முன்புதான், 2004 அக்டோபரில், அரசின் பிராட்பேண்ட் கொள்கை வெளியாகி, 256 கேபிபிஎஸ் இருந்தாலே அதற்குப் பெயர் பிராட்பேண்ட் என்று வரையறுத்திருந்தது. (சிரிக்க வேண்டாம். இந்த அளவுகோல் 2013ல்தான் 512 கேபிபிஎஸ் ஆனது, 2023ல்தான் 2 எம்பிபிஎஸ் ஆனது.)

டேட்டாஒன் புதுக் கம்பி எதையும் வீட்டுக்குள் இழுக்கவில்லை. ஏற்கனவே இருந்த செம்புக் கம்பியிலேயே ஏறி வந்தது. மனிதக் குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் வரை போதும். அதற்கு மேலே கம்பி சும்மாதான் கிடந்தது. ஏடிஎஸ்எல் முறையில் 26 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரை நம் வீட்டிலிருந்து வெளியே போகும் தகவலுக்கு, 138 முதல் 1104 வரை உள்ளே வரும் தகவலுக்கு. பின்னால் வந்த ஏடிஎஸ்எல்2+ இதை 2208 வரை நீட்டியது. போகும் வழி சின்னது, வரும் வழி பெரியது என்ற இந்த ஏற்றத்தாழ்வை யோசித்தவர் அமெரிக்காவில் பெல்கோர் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜோசப் லெக்லைடர். 1980களின் கடைசியில், வீடுகளுக்கு போன் கம்பியிலேயே சினிமா அனுப்ப முடியுமா என்று போன் கம்பெனிகள் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் பிறந்த யோசனை. ஒரே கட்டில் போகும் கம்பிகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவது இதனால் குறைந்தது. போனையும் நெட்டையும் பிரித்துவிட ஒரு தீப்பெட்டி சைஸ் ஸ்பிளிட்டர். அவ்வளவுதான் ஏற்பாடு.

இந்த முறைக்கு ஒரே எதிரி தூரம். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் ராஜயோகம். நாலைந்து கிலோமீட்டர் தாண்டினால் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். இந்த விஷயத்தில் ஸ்ரீரங்கம் கொடுத்துவைத்த ஊர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நெருக்கமாக அமைந்த ஊர், தீவுக்குள்ளேயே எக்ஸ்சேஞ்ச். அடையவளஞ்சான், சித்திரை வீதி, உத்தர வீதி எல்லாமே கோயிலைச் சுற்றிக் கூப்பிடு தூரத்தில். திருச்சியின் விரிவுப் பகுதிகளில் புதிதாக வீடு கட்டிப் போனவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

சரி, பெட்டிகளுக்கு வரலாம்.

முதல் தலைமுறையில் அதிகம் பார்க்கக் கிடைத்தவை இரண்டு கம்பெனிச் சரக்கு. ஹுவாவேயின் ஸ்மார்ட்ஏஎக்ஸ் எம்டி880, அதன் தம்பி எம்டி882. இன்னொன்று யூடிஸ்டார்காமின் யூடி300ஆர் வரிசை, குறிப்பாக யூடி300ஆர்2யூ. ஹுவாவே சீனக் கம்பெனி என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். அன்று அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்பதே பெரிய விவாதம். எம்டி880ல் ஒரே ஒரு ஈதர்நெட் ஓட்டை. எம்டி882லும் யூடி300ஆர்2யூவிலும் ஈதர்நெட்டோடு ஒரு யூஎஸ்பியும் உண்டு.

இந்த யூஎஸ்பி சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் அந்தக் காலத்து அசெம்பிள்டு கம்ப்யூட்டர்கள் பலவற்றில் லேன் கார்டு கிடையாது. எம்டி880 வந்த வீட்டில் தனியாகக் கார்டு வாங்கிப் போட வேண்டும். யூஎஸ்பி உள்ள பெட்டி வந்த வீட்டில் சிடியில் இருக்கும் டிரைவரைப் போட்டால் போதும், அன்று சாயங்காலமே நெட். ஆனால் அந்த டிரைவர் விண்டோஸுக்கு மட்டும். கல்லூரியில் லினக்ஸ் பழகிவிட்டு வீட்டில் உபுண்டு போட்டுப் பார்த்த மாணவனுக்கு ஈதர்நெட்தான் கதி. ஆக, ஒரு ஓட்டை அதிகம் என்பதால் எம்டி882 உசத்தி என்று சொன்னவர்களும் சரி, ஈதர்நெட் இருக்கும்போது யூஎஸ்பியைத் தொடாதே என்று சொன்னவர்களும் சரி.

உண்மையான வித்தியாசம் ஓட்டையில் இல்லை, உள்ளே இருந்த செட்டிங்கில். இந்தப் பெட்டிகளைப் பெரும்பாலும் 'பிரிட்ஜ்' முறையில் வைத்துவிட்டுப் போவார்கள். அதாவது பெட்டி வெறும் பாலம். உண்மையில் இணைப்பு எடுப்பது கம்ப்யூட்டர். விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு ஐகானைத் தட்டி, பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து 'டயல்' செய்ய வேண்டும். இதே பெட்டிக்குள் 'ரூட்டர்' முறையும் ஒளிந்திருந்தது. 192.168.1.1 என்று பிரவுசரில் அடித்து, அட்மின், அட்மின் என்று இரண்டு முறை சொன்னால் கதவு திறக்கும். விபிஐ 0, விசிஐ 35, பிபிபிஓஇ என்று போட்டு, பயனர் பெயரையும் உள்ளேயே எழுதிவிட்டால் பெட்டியே இணைப்பு எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரை ஆன் செய்தால் நெட் தயார். நூறு ரூபாய்க்கு மேல் செலவழித்து ஒரு ஸ்விட்சும் வாங்கிவிட்டால் இரண்டு மூன்று கம்ப்யூட்டர். திருச்சி கல்லூரி மாணவர்களிடம் இந்த வித்தை ஒருவர் வாயிலிருந்து ஒருவருக்குப் பரவியது. விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் பையன் செய்யும் முதல் காரியம், அப்பா தூங்கும்போது மோடத்தை ரூட்டர் ஆக்குவது!

அதில் ஒரு பொறி இருந்தது. டேட்டாஒன்னின் 500 ரூபாய் பிளானில் மாதம் 1 ஜிபிதான் கணக்கு. தாண்டினால் ஒவ்வொரு எம்பிக்கும் கிட்டத்தட்ட ஒரு ரூபாய். இன்னொரு 1 ஜிபி தெரியாமல் ஓடிவிட்டால் பில் மூன்று மடங்கு. பிரிட்ஜ் முறையில் இருந்தால் டிஸ்கனெக்ட் என்று ஒரு பட்டன் கண்ணெதிரே இருக்கிறது. ரூட்டர் முறையில் அப்படி எதுவும் கிடையாது. விண்டோஸ் தானாக அப்டேட் ஆகும், ஆன்டிவைரஸ் தானாக இறங்கும், மூலையில் டொரன்ட் சத்தமில்லாமல் பிறருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். மீட்டர் ஓடுவது தெரியாத ஆட்டோ. பில் வந்து வீட்டில் ரகளை ஆன பிறகு, அடுத்த நாள் மோடம் மறுபடியும் பிரிட்ஜ்.

அதே பிளானில் ஒரு சலுகையும் இருந்தது. இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அந்த ஆறு மணி நேரத்துக்காகத் திருச்சியில் எத்தனையோ அலாரங்கள் 1.55க்கு வைக்கப்பட்டன. எட்டு மணிக்கு முன் நிறுத்த மறந்தால் அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்தில் இதற்கு இன்னொரு உபயோகம் இருந்தது. பிள்ளைகள் அமெரிக்காவில், பெற்றோர் உத்தர வீதியில் என்று இருந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். இங்கே ஞாயிறு காலை 6 மணி என்றால் நியூயார்க்கில் குளிர்காலத்துச் சனிக்கிழமை இரவு 7.30. காலையில் சீக்கிரம் எழுந்து பழகிய வீடுகள். காபி ஆறுவதற்குள் ஸ்கைப்பில் பேரன் முகம், அதுவும் இலவச நேரத்துக்குள். பிளான் போட்டவர்கள் இதை நினைத்துப் போட்டார்களா என்றால், கண்டிப்பாக இல்லை. எக்ஸ்சேஞ்சில் இரவில் கூட்டம் குறைவு என்பதுதான் காரணம்.

அடுத்து வந்தது வைஃபை. டேட்டாஒன் தொடங்கிய அதே மாதம், 2005 ஜனவரி 28 தேதியிட்ட அறிவிக்கை மூலம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய அரசு விதி போட்டது. லேப்டாப் விலை இறங்கியபோது, நாலு ஈதர்நெட் ஓட்டையும் ஒரு ஆன்டெனாவும் உள்ள பெட்டிகள் வர ஆரம்பித்தன. யூடிஸ்டார்காம் டபிள்யூஏ3002ஜி4, டெராகாம் போன்றவை. ஜி என்று முடியும் வைஃபை, பேப்பரில் 54 எம்பிபிஎஸ். கம்பியில் வருவதோ 2007 ஜனவரிக்குப் பிறகும் அதிகபட்சம் 2 எம்பிபிஎஸ். அதனால் வைஃபை வேகம் போதவில்லை என்று யாரும் குறைப்படவில்லை. குறை வேறு இடத்தில் இருந்தது.

ஸ்ரீரங்கத்து வீடுகள் அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையலறை, கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். சுவரோ ஒன்றரை அடிக்குக் குறையாத செங்கல்லும் சுண்ணாம்பும். பெட்டி இருப்பது போன் இருக்கும் கூடத்தில். ஆகவே சிக்னல் கொல்லைக்குப் போகாது. ஆனால் ரேழி வழியாகத் திண்ணைக்கும், திண்ணையிலிருந்து தெருவுக்கும் நன்றாகவே போகும்! சொந்த வீட்டுச் சமையலறையில் கிடைக்காத நெட் எதிர் வீட்டுத் திண்ணையில் கிடைக்கும். அதுவும் பல பெட்டிகள் கடவுச்சொல்லே இல்லாமலோ, 2001லேயே உடைக்கப்பட்ட வெப் என்ற பூட்டோடோதான் ஓடிக்கொண்டிருந்தன.

இதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, 2008 வரை. அந்த ஆண்டு ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிடங்கள் முன் தொலைக்காட்சிகளுக்கு ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. போலீஸ் ஐபி முகவரியைத் தொடர்ந்து போய் நின்றது நவி மும்பையில் ஒருவர் வீட்டில். அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. 2009 பிப்ரவரியில் வைஃபைக்குப் பூட்டுப் போட வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆன்டெனா வைத்த பெட்டி நல்லதா, இல்லாத பெட்டி நல்லதா என்ற ஒப்பீட்டில் அதுவரை இல்லாத ஒரு அம்சம் இது. பழைய எம்டி880 வைத்திருந்தவர் வீட்டு நெட்டை எவரும் தெருவில் நின்று திருட முடியாது.

அந்தப் பழைய பெட்டிக்கு வேறு ஆபத்து இருந்தது. பிரிட்ஜ் முறையில் கம்ப்யூட்டருக்கு நேரடியாக வெளி உலக முகவரி கிடைக்கிறது. திண்ணையில் படுத்துத் தூங்குகிற மாதிரி. பிளாஸ்டர் (2003), சாசர் (2004) போன்ற புழுக்கள் இப்படித் திண்ணையில் கிடந்த எக்ஸ்பி கம்ப்யூட்டர்களைத்தான் தேடி வந்தன. ரூட்டர் முறைக்கு மாறினால் கம்ப்யூட்டர் கூடத்துக்குள் வந்துவிடும், பெட்டி திண்ணையில் காவல் இருக்கும். ஆனால் அந்தக் காவல்காரனின் சாவி ஊருக்கே தெரிந்த சாவி. அட்மின், அட்மின்.

இந்தச் சாவியை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு உலகம் 2016ல் பாடம் படித்தது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் மிராய் என்ற நச்சுநிரல் லட்சக்கணக்கில் வளைத்துப் போட்டது. அந்த ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் ரூட்டர்கள் நின்றுபோயின. 2017 ஜூலை கடைசியில் அது நம் நாட்டுக்கும் வந்தது. பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் மோடம்கள் வரிசையாகச் செத்தன. 60 ஆயிரத்துக்கு மேல் என்று செய்திகள் சொல்லின, கர்நாடகத்தில் பாதிப்பு அதிகம். பிரிக்கர்பாட் என்ற நிரலை எழுதியவர் இது தன் வேலை என்று சொல்லிக்கொண்டார். பாதுகாப்பில்லாத பெட்டிகளைக் கெட்டவர்கள் பிடிப்பதற்குள் தானே கொன்றுவிடுவதாக அவருடைய நியாயம் (வீடு பூட்டாமல் கிடக்கிறது என்று வீட்டையே இடித்த கதை). பழைய கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அதே ஆண்டு டபிள்யூஏ3002ஜி4ல் ஒரு ஓட்டை வெளியானது. செட்டிங் பக்கத்தின் முகவரியில் கடைசி எழுத்துகளை மாற்றி அடித்தாலே கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விடும்! ஆக, அட்மினை மாற்றிய புத்திசாலிக்கும் அந்தப் பெட்டியில் பாதுகாப்பு இல்லை. பத்து வருஷப் பழைய பெட்டிக்குப் புது மென்பொருள் போட்டுக்கொடுக்க யாரும் வரவும் இல்லை.

பெட்டிகளை ஒப்பிடும்போது பலர் மறந்துவிடும் இன்னொரு விஷயம் கரண்ட். 2008 முதல் 2013 வரை தமிழ்நாட்டில் மின்வெட்டு ஆட்டிப்படைத்தது. 2012ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் இருட்டு. ஸ்ரீரங்கம் அப்போது முதலமைச்சர் ஜெயலலிதாவின் தொகுதி. கரண்ட் போனால் எந்த மாடல் மோடமும் அணையும். ஆனால் போன் அணையாது. எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அதே செம்புக் கம்பியில் வந்துகொண்டே இருக்கும். இருட்டில் தனியாக இருக்கும் பாட்டி ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். மழைக்காலத்தில் கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்கினால் கரகரவென்று கேட்கும், அப்போதும் பேசலாம். நெட்தான் விட்டு விட்டு வரும். இடி இடித்தால் லைனைப் பிடுங்கி வைக்க வேண்டும், மறந்தால் மோடம் காலி.

இப்போது வந்திருப்பது ஃபைபர். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிஎஸ்என்எல் ஊழியர்கள் விருப்ப ஓய்வில் போனார்கள். செம்புக் கம்பியைத் தெரிந்து வைத்திருந்த லைன்மேன்களும் அதில் உண்டு. அதன் பிறகு செம்பு லைன் ரிப்பேர் ஆனால், 'ஃபைபருக்கு மாறிடுங்க' என்பதே பதிலாக வர ஆரம்பித்தது. இழை கொண்டு வருபவர் பெரும்பாலும் உள்ளூர் கேபிள் டிவி ஆபரேட்டர். அவர் மாட்டிவிட்டுப் போகும் பெட்டிக்குப் பெயர் ஓஎன்டி. சைரோடெக், நெட்லிங்க் என்று புதுப் பெயர்கள். மோடம், ரூட்டர், வைஃபை, போன் எல்லாம் ஒரே பெட்டிக்குள். டேட்டாஒன்னின் 256 கேபிபிஎஸ்ஸை இதோடு ஒப்பிடுவதே பாவம்.

இதில் இழந்தது என்ன என்றும் பார்க்க வேண்டும். செம்புக் காலத்தில் பெட்டி பிடிக்காவிட்டால் சிங்காரத்தோப்பு பக்கம் ஒரு கடையில் வேறு மோடம் வாங்கி, 0, 35 என்று போட்டால் வேலை முடிந்தது. கம்பெனியைக் கேட்க வேண்டியதே இல்லை. ஓஎன்டி அப்படி அல்ல. அதன் சீரியல் எண் அந்தப் பக்கத்துக் கருவியில் பதிவாகியிருந்தால்தான் வெளிச்சத்துக்குப் பதில் வெளிச்சம் வரும். கடையில் வாங்கிய பெட்டியும் வேலை செய்யும், ஆபரேட்டர் பதிந்து கொடுத்தால். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், எந்த ரூட்டர் என்பது வாடிக்கையாளர் இஷ்டம், நிறுவனம் இணைப்பு விவரங்களைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே ஆபரேட்டரின் நல்ல மனதுதான் சட்டம். செட்டிங் பக்கத்தின் கடவுச்சொல்லைக்கூடச் சிலர் தருகிறார்கள், சிலர் 'உங்களுக்கு எதுக்கு சார் அது' என்கிறார்கள். அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. வீட்டுக்காரர் எதையாவது மாற்றி வைத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்.

கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. அதனால் கரண்ட் போனால் இப்போது நெட்டோடு லேண்ட்லைனும் சேர்ந்து போகிறது. வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் அந்தப் பெட்டிக்கென்றே 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். ஓரிரு மணி நேரம் தாங்கும். டெலிபோன் ஸ்டாண்டில் இப்போது பெட்டிகள் இரண்டு.